பச்சை விறகு

அப்பாவின் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோதும் அமுதவல்லியின் கண் வாசலுக்குப் போய்ப் போய் வந்தது. பந்தல் போட்டாயிற்று. மாலைகள் வந்துவிட்டன. விறகு மட்டும் வரவில்லை.

அந்த ஊரில் சாவு விழுந்தால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கட்டை வந்து சேரும். பணம் இருப்பவரோ இல்லாதவரோ, ஊரார் கொடுக்கும் விறகில்தான் போய்ச் சேர வேண்டும். காசுக்கு வாங்கிய விறகில் ஒருவரை எரித்தால், ஊர் அவரைக் கைகழுவிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பேச்சு பிள்ளைகள் காலம்வரை ஓயாது.

அப்பா தங்கமுத்து நார்த்தாமலைப் பக்கத்துக் காப்புக்காட்டில் வாட்சராக இருந்தவர். வேலை முடிந்து வருஷங்கள் ஆகியும் காட்டுக்குப் போவதை விடவில்லை. நேற்றும் போய்விட்டு வந்து, டீ குடித்துவிட்டுப் படுத்தவர்தான், எழவில்லை. காய்ந்து விழுந்த சுள்ளியை யார் வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம் என்பார். பச்சை மரத்தில் அரிவாள் பட்டால் மட்டும் சொந்தம் பந்தம் எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. அரிவாளைப் பிடுங்கிக்கொள்வார். அபராதம் எழுத மாட்டார். அவருடைய தண்டனையே வேறு. பிடிபட்டவர் காட்டில் ஒரு கன்று நட்டு, அது வேர் பிடிக்கும்வரை குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். துளிர் விட்டதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் அரிவாளைத் திருப்பித் தருவார்.

ஊரில் அவரிடம் அரிவாளைப் பறிகொடுக்காத பெண் இல்லை. அமுதவல்லியின் அம்மா செவந்தியே ஒருமுறை மாட்டியிருக்கிறாள். தண்ணீர் சுமந்து முடிக்கும்வரை அவள் அவருக்கு வெறும் ரசம்தான் வைத்தாள். ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லி அவர் இன்னொரு தரம் ஊற்றச் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அதிகம் மாட்டியவள் கீழத்தெருச் சந்தனம். மலைச்சரிவில் ஒரு பக்கம் பச்சையாக இருப்பதே அவளுடைய புண்ணியம் என்று அப்பா கேலி செய்வார். போன மாசம் பிடிபட்டபோது, நீ செத்தால் என் வீட்டிலிருந்து ஒரு சுள்ளி வராது என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி கத்தினாளாம். சிரித்துக்கொண்டே சொன்னார் அப்பா. போனில் கேட்ட அமுதவல்லிக்கும் அன்று சிரிப்புதான் வந்தது. இன்று அதே சொல்தான் அவளை வாசலைப் பார்க்க வைத்தது.

ஆண்கள் வந்து நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களில் பாதிப் பேரைக் காணோம். பத்து மணியைத் தாண்டியதும் தம்பி பிரசாந்த் அவள் பக்கத்தில் வந்து குனிந்தான்.

“டவுன்ல சொன்னா ஒரு லோடு உடனே வந்துருமாம். சொல்லிரவாக்கா?”

“பொறுடா.”

அவளுக்கே நம்பிக்கை இல்லை. அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை பேரைப் பகைத்துக்கொண்டு என்னத்தைக் கண்டீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டால் காட்டைக் கண்டேன் என்று சொல்லியிருப்பார். அவர் மேல் கோபமும் ஆசையும் ஒன்றாக வந்தன.

அப்போதுதான் தெருமுனையில் சலசலப்பு கேட்டது. முன்னால் சந்தனம், பின்னால் வரிசையாகப் பெண்கள், எல்லோர் தலையிலும் விறகுக்கட்டு. அமுதவல்லிக்கு நிம்மதியாக இருந்தது. விடியலிலிருந்து வராத அழுகை அந்தச் சந்தோஷத்தில்தான் வந்தது. ஓடிப்போய்ச் சந்தனத்தின் தலைச்சுமையை இறக்கக் கை கொடுத்தாள்.

கட்டை ஈரமாக இருந்தது. வெட்டுவாயில் பால் கசிந்து கையில் ஒட்டியது. கட்டுக்குள் வெப்பாலை மரத்து இலைகூட வாடாமல் சிக்கியிருந்தது. மற்ற கட்டுகளைப் பார்த்தாள். எல்லாமே அப்படித்தான்.

“அயித்தை, இது எங்க வெட்டுனது?”

சந்தனம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஊருக்குள் கிடப்பதெல்லாம் சீமைக்கருவேல், வாச்சருக்கு அதைப் போட மனசு வரவில்லை, நல்ல மரமாகப் பார்த்துக் கொண்டுவரத்தான் விடியலிலேயே எல்லோரும் மலைக்குப் போனோம் என்றாள். அதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரியவில்லை.

“கேக்குறதுக்குத்தான் அண்ணன் இல்லையே” என்று சொல்லிவிட்டு, அதைச் சொன்னதால் அழ ஆரம்பித்தாள்.

அமுதவல்லிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. திருப்பி அனுப்பினால் இவ்வளவு பிரியத்தோடு வந்தவர்களின் முகத்தில் அடித்த மாதிரி. வாங்கிக்கொண்டால், அவர் காத்த மரத்தை வெட்டி அவர் மேலேயே அடுக்க வேண்டும். பிரசாந்த் வேறு திசையில் பார்த்தான்.

பிணத்தின் தலைமாட்டிலிருந்து செவந்தி எழுந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு வாசலுக்கு வந்து ஒவ்வொரு கட்டாகத் தொட்டுப் பார்த்தாள். சந்தனத்தின் எதிரில் வந்து நின்று, தங்கமுத்து நிற்பதைப் போலவே இடுப்பில் கை வைத்தாள்.

“பச்சையில கை வச்சியா? அருவாளை எடு.”

சந்தனம் இடுப்பிலிருந்த அரிவாளை உருவி அவள் கையில் கொடுத்தாள்.

“செத்தும் புடிச்சுப்புட்டாரு மனுசன்” என்றாள்.

முதலில் சிரித்தது செவந்திதான். அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் தெருவே சிரித்தது. பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அரிவாள்களைக் கொண்டுவந்து சுவரோரம் சாத்தினார்கள். பச்சைக் கட்டைகள் ஓரமாக அடுக்கப்பட்டன. அதற்குப் பிறகு வீட்டுக்கு வீடு போய், காய்ந்த சீமைக்கருவேலங்கட்டைகளை ஆளுக்கொன்றாகத் தூக்கி வந்தார்கள். தான் சொன்ன சொல் தவறவில்லை, சுள்ளி ஒன்றும் கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொண்டே சந்தனம் ஒரு பெரிய வேர்க்கட்டையை இறக்கிப் போட்டாள். ஒப்பாரியில் அவருடைய சைக்கிளும் விசிலும் ரசமும் வந்தன. பாடியவர்களுக்கே நடுநடுவே சிரிப்பு வந்துவிட்டது. ஊர் கொடுத்த விறகு தேவைக்கு மேலேயே இருந்தது.

மறுநாள் காலையில் பால் தெளிக்க ஆண்கள் சுடுகாட்டுக்குக் கிளம்பினார்கள். வாசல் பெருக்க வந்த அமுதவல்லியின் பார்வை சுவரோரத்து அரிவாள்களில் நின்றது. எல்லாம் அப்படியே இருந்தன.

“இதையெல்லாம் குடுத்துரலாம்மா. பாவம், வேலைக்கு வேணும்ல” என்றாள்.

செவந்தி தெருவைக் காட்டினாள். சந்தனமும் மற்றவர்களும் இடுப்பில் தண்ணீர்க்குடமும் கையில் ஆளுக்கொரு கன்றுமாக மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

“வேர் புடிக்கட்டும்” என்றாள் செவந்தி. தன் குடத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.