பென்னோ தூங்கும் சந்து

கோர்பினியன் இறந்த வாரம் ரேகன்ஸ்பர்க்கில் மூடுபனி எவ்வளவு கெட்டியாக இறங்கியிருந்தது என்றால், ரொட்டிக்கடைக்காரர் காலையில் கடையை விட்டு வெளியே வர முடியாமல், ரொட்டி வெட்டும் கத்தியால் ஓர் ஆள் அளவுக்குப் பனியை அறுத்துக்கொண்டுதான் வந்தார். அறுத்த துண்டு மத்தியானம் வரை நடைபாதையிலேயே கிடந்தது. டான்யூப் ஆறு ஓடுகிறதா நிற்கிறதா என்பதைச் சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பனிக்குள் கல்பாலத்தடியில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக ஒரு கூட்டம் நின்றது. எல்லாரும் ஊர் சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வழிகாட்டி போய்விட்டால், அடக்கம் முடிந்து வரும் சனிக்கிழமை, அவர் காட்டிய வழியில் எல்லாரும் ஒருமுறை நடப்பார்கள். கூட்டம் வழி தவறாமலிருக்க அவர் உயர்த்திப் பிடித்து நடந்த குடை முன்னால் போகும். அந்தந்த இடத்தில் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே சொல்ல வேண்டும். திருத்தக் கூடாது. குடை பிடிப்பவர், இறந்தவரோடு அதிகம் சண்டை போட்டவராக இருக்க வேண்டும். அவருக்குத்தான் எல்லாம் மனப்பாடமாக இருக்கும்.

அதனால் கோர்பினியனின் சிவப்புக் குடை ஹார்ட்விக்கின் கைக்கு வந்தது.

ஹார்ட்விக் வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை. தூண்டில் போடப் போய் வந்தால்கூட மீனின் சரியான நீளத்தைச் சொல்வார். அதனாலேயே அவரை யாரும் தூண்டில் போடக் கூப்பிடுவதில்லை. கோர்பினியனோ, பேராலயக் கோபுரம் எந்த நூற்றாண்டில் எழுந்தது என்பதை அன்றன்றைக்கு மனநிலையைப் பார்த்து முடிவு செய்தவர். தெருவின் அந்தப் பக்கத்திலிருந்து ஹார்ட்விக் "தப்பு!" என்று கத்துவார். கோர்பினியன் தொப்பியைத் தூக்கி, "பாவம், உடம்பு சரியில்லாதவர்" என்று தன் கூட்டத்திடம் சொல்வார்.

பொய் சொல்வதைப் பற்றி ஹார்ட்விக் அன்று கவலைப்படவில்லை. வழக்கம் வழக்கம்தான். அவருக்குப் பயமாக இருந்தது ஒரே ஒரு சந்துதான்.

மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், ஒரு கோபுர வீட்டின் மூன்றாம் மாடி ஜன்னலைக் காட்டி, "என் பையன் பென்னோ அங்கேதான் இருக்கான்" என்று கோர்பினியன் சொல்வது வழக்கம். அந்த மாடியில் இருந்தவை ஒயின் வியாபாரியின் காலிப் பெட்டிகள். பென்னோவை ஒன்பது வயதில், கல்பாலத்துக்குக் கீழே இருக்கும் சுழல் கொண்டுபோய்விட்டது. இது வழிகாட்டிகள் எல்லாருக்கும் தெரியும். ஹார்ட்விக் திருத்தாமல் விட்ட ஒரே பொய் அதுதான்.

கோர்பினியன் இப்படிச் சொல்லிவந்தது தெரியாதவள் வால்புர்கா மட்டும். கோர்பினியனின் மனைவி. சனி ஞாயிறுகளில் அவளுக்கு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. கணவரோடு ஒருநாளும் இந்த வழியில் நடந்ததில்லை. இன்று முதல் வரிசையில், குடைக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"ஹார்ட்விக், நீங்க எதையும் விட்டுடக் கூடாது" என்றாள். "அவர் இங்க என்னதான் பேசினாருன்னு எனக்கு ஒருவாட்டி முழுசாக் கேக்கணும். வீட்டுல மனுஷன் வாயே தொறக்க மாட்டாரு."

கூட்டம் நகர்ந்தது. பாலத்தடியிலேயே பிரேமன் ஊர் அம்மாள் ஒருத்தியும் அவள் கணவரும் குடையைப் பார்த்துவிட்டுப் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். அத்தனை கறுப்புக் கோட்டுகளையும் இந்த ஊர்ச் சீருடை என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் விரட்டப் போனார். வழிகாட்டிகளிலேயே பருமனான லோனி தடுத்தாள்.

"விடுய்யா. கோர்பினியன் என்னைக்குக் கூட்டம் சேக்காம நடந்தாரு?"

வறுத்த தொத்திறைச்சி விற்கும் ஆற்றோரக் கடைக்கு முன்னால் ஹார்ட்விக் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"பெருவெள்ளம் வந்தப்போ இந்தக் கடைக்காரம்மா இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டே வறுத்தாங்க. வறுத்ததெல்லாம் ஆத்தோட போயிடுச்சு. வியன்னாவுல எடுத்துத் தின்னப்போ சூடா இருந்துச்சாம்." கொஞ்சம் நிறுத்தினார். முகம் பல் பிடுங்கியவர் முகம் போல் ஆனது. "தொட்டுக்கிற கடுகு விழுது மட்டும் அங்க உள்ளது."

லோனி கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. வால்புர்கா இரண்டையும் செய்யவில்லை. கவனமாகக் கேட்டாள்.

சுவரில் ராட்சசன் கோலியாத்தை வரைந்திருக்கும் வீட்டின் முன்னால், அவனுடைய தாடி வருஷா வருஷம் வளர்கிறது என்றும், ஈஸ்டருக்கு முந்தின நாள் நகராட்சி ஏணி வைத்துச் சவரம் செய்கிறது என்றும் ஹார்ட்விக் சொன்னார். பிரேமன்காரர் படம் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது சந்து.

ஹார்ட்விக்கின் நடை மெதுவாயிற்று. கணவரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாதவளை அந்த ஜன்னலுக்குக் கீழே நிறுத்தி, உன் பிள்ளை மேலே இருக்கிறான் என்று எப்படிச் சொல்வது? மீன் சந்தை மூலையில் குடையை இடது பக்கம் சாய்த்து, பெரிய தெருவுக்குத் திரும்பினார். வழிகாட்டிகளும் கூடவே திரும்பினார்கள்.

"ஐயா, ஐயா!" பிரேமன் அம்மாள் பின்னாலிருந்து ஓடி வந்தாள். "வழி மாறிட்டீங்க. போன கோடையிலயும் நாங்க வந்தோமே, இதே சிவப்புக் குடை. அந்தச் சந்துல இல்ல போகணும்? அவரோட பையன் வீடு இருக்கே!"

"யாரோட பையன்?" என்றாள் வால்புர்கா.

"அந்த வழிகாட்டியோட பையன். பென்னோ."

வால்புர்கா திரும்பி ஹார்ட்விக்கைப் பார்த்தாள். இந்த அம்மாள் வேறு ஊரை நினைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வாழ்நாளில் அவர் சொந்தமாகச் சொல்லும் முதல் பொய். அது அவர் நாக்கு நுனி வரை வந்தது.

"என்கிட்ட அந்தப் பேரையே எடுக்க மாட்டாரு" என்றாள் வால்புர்கா. "நான் எடுத்தாலும் எந்திரிச்சுப் போயிடுவாரு. எங்க வீட்டுல அந்தப் பேரு செத்து எத்தனையோ வருஷமாச்சு. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்னாரா?"

"சொன்னாரு" என்றார் ஹார்ட்விக். "சனிக்கிழமை தவறாம."

"என்ன சொன்னாரு?"

"வால்புர்கா, வேண்டாம்..."

"திருத்தக் கூடாதுன்னு உங்க வழக்கமே இருக்குல்ல? சொல்லுங்க."

ஹார்ட்விக் குடையை நிமிர்த்தினார். சந்து வாயில் வரை நடந்து போய்த் திரும்பி நின்றார்.

"அந்த மூணாவது மாடி என் பையன் பென்னோ வீடு" என்று கோர்பினியனின் வார்த்தைகளில் தொடங்கினார். "ரொட்டிக் கூடத்துல ராத்திரி வேலை. பகல்லதான் தூங்குவான். அதனால இந்தச் சந்துல மட்டும் கொஞ்சம் சத்தம் போடாம வாங்க."

"கல்யாணம்?" என்றாள் வால்புர்கா.

"ஆகல. பஸாவ் ஊர்ப் பொண்ணு ஒண்ணப் பாத்து வச்சிருக்கான். அவங்கம்மா ஒத்துக்கல."

"நானா?" வால்புர்காவின் கன்னம் சிவந்தது. வெகுநேரம் ஜன்னலையே பார்த்தாள். "பஸாவ்காரியா? ஒத்துக்கத்தான் மாட்டேன்." பிறகு, "பாக்க எப்படி இருப்பானாம்?"

"உங்க மூக்காம். அவரோட வாயாம்."

"பாவம் புள்ள" என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். குனிந்து காலணி இரண்டையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அந்தக் குளிரில், ஈரக் கற்களின்மேல், வெறும் காலுறையோடு சந்துக்குள் நுழைந்தாள். லோனி தன்னுடைய பெரிய பூட்ஸோடு போராடிக் கழற்றினாள். கறுப்புக் கோட்டுகள் ஒவ்வொருவராகக் குனிந்தார்கள். கடைசியில் பிரேமன் தம்பதியும்.

ஜன்னலுக்கு நேர் கீழே போனபோது பேராலய மணி பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. நாலு தெரு தள்ளியிருந்தாலும் பல்லை ஆட்டும் மணி அது. வால்புர்கா தலையை நிமிர்த்தி, பனிக்குள் கோபுரம் இருக்க வேண்டிய திசையை ஒரு முறை முறைத்தாள், விரல் உதட்டின்மேல்.

மணி பதினொன்றோடு நின்றுவிட்டது.

ஊரில் இதை நம்பாதவர்கள் உண்டு. மறுநாள் அவர்களில் ஒருவர் ஹார்ட்விக்கிடமே போய்க் கேட்டார். ஹார்ட்விக் குடையை மடக்கியபடி கொஞ்சம் யோசித்தார்.

"பதினொண்ணுதான்" என்றார். "நான் எண்ணினேன்."