இரண்டாம் கிளாரினெட்டின் வளையம்

நாள் முழுக்க ஊரார் காதுகளைச் சோதித்துவிட்டு வந்திருந்தாள் அவள். ஆஸ்பத்திரியில் அதுதான் உத்தியோகம். வந்தவரின் தலையில் ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பொத்தானை அழுத்துவாள். சத்தம் கேட்டால் அவர் விரலைத் தூக்க வேண்டும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இன்னொரு ஜோடிக் காது காத்திருந்தது. சொந்தக் காது. புருஷனுடையது.

“உக்காரு. ஒரு அரை மணி நேரம்தான்.”

சாப்பாட்டு மேசைமேல் துண்டு விரித்து, நகைக்கடைக்காரனைப் போல வளையங்களைப் பரப்பியிருந்தான். கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் ரீட் என்று ஒரு நாணல் சீவல் இருக்கும். அது நழுவாமல் இறுக்கிப் பிடிக்கும் வளையத்துக்கு லிகேச்சர் என்று பெயர். செய்வதென்னவோ பொட்டலத்து ரப்பர் பேண்டின் வேலை. பேச்சு மட்டும் கிரீடத்தைப் பற்றிய பேச்சு. கடைக்காரர் வாசித்துப் பார்க்கச் சொல்லி இரவல் கொடுத்தவை அவை: தங்க முலாம் ஒன்று, வெள்ளி முலாம் ஒன்று, தோல் பட்டை ஒன்று. ஓரத்தில், பந்திக்கு அழைக்காத சொந்தக்காரனைப் போல, அவனுடைய பழைய நிக்கல் வளையம்.

அவன் நகரத்து வாத்தியக் குழுவில் இரண்டாம் கிளாரினெட் வாசிப்பவன். மெதுவான பகுதி ஒன்றில் அடிக்குரலிலிருந்து உச்சிக்கு ஒரு தாவல் வரும். சில மாதங்களாக அது பாதி வழியில் கீச்சிட்டு விழுந்துகொண்டிருந்தது. அடுத்த வாரம் குழுத்தலைவர் முன்னால் தனியாக வாசித்துக் காட்ட வேண்டும். அப்போதும் விழுந்தால் நாற்காலிக்கு வேறு ஆள் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் செய்துவிடுவார்கள்.

“கோளாறு வளையத்துலதான்னு யார் சொன்னா?”

“வெல்வெட்.”

வெல்வெட் என்பவர் குழுவின் முதல் கிளாரினெட்காரர். எதைக் கேட்டாலும் கண்ணை மூடி, “வெல்வெட் மாதிரி இருக்கணும்” என்பதால் வந்த பட்டம். தங்கம் போட்டால் நாதம் தேனில் நனையுமாம், வெள்ளி போட்டால் நிலவில் காயுமாம். சுற்றி நிற்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். ஆட்டாவிட்டால் தங்களுக்குக் காது இல்லை என்றாகிவிடுமே.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை அவள் நாக்கு நுனிவரை வந்தது. காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டாள். இந்தத் தாவலுக்காக ஏற்கெனவே தலையணையை மாற்றியாயிற்று, பல் டாக்டரைப் பார்த்தாயிற்று, நாற்காலிக் காலுக்கு அட்டை வைத்தாயிற்று.

“என் கண்ணைக் கட்டிடு. எது எதுன்னு தெரியாம வாசிச்சாத்தான் நேர்மையா இருக்கும்” என்றான்.

இன்னொரு துண்டை எடுத்துக் கட்டினாள். முதலில் தங்கம். தாவல் விழுந்தது.

“ஈரத்துணி. அடுத்தது.”

அடுத்து அவனுடைய பழைய நிக்கல். தாவல் இன்னும் மோசமாக விழுந்தது.

“சீ, தகரம்! தகரக் கொட்டகைல மழை பெய்யுற மாதிரி. எந்தக் குப்பை இது?”

“சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

மூன்றாவதை எடுக்கக் கை நீட்டியபோது தொழில்புத்தி குறுக்கே வந்தது. பரிசோதனை அறையில் நடுநடுவே சத்தமே கொடுக்காமல் சும்மா காத்திருப்பாள், இல்லாத சத்தத்துக்கு விரல் தூக்குகிறவர்களைக் கண்டுபிடிக்க. அப்படித் தூக்குவதில் பெரிய பதவிக்காரர்களே அதிகம். அதே நிக்கலின் திருகைத் தளர்த்தினாள், அதே திருகை இறுக்கினாள். வளையம் மாறிய சத்தம் கேட்கட்டும் என்று வெள்ளியை மேசையில் ஒரு தட்டுத் தட்டி வைத்துவிட்டுக் கிளாரினெட்டை அவன் கையில் கொடுத்தாள்.

வாசித்தான். தாவல் ஏறியது. கீச்சில்லை, திணறல் இல்லை. உச்சியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்திருந்த அவளே ஒரு நொடி நிமிர்ந்துவிட்டாள்.

“இதுதான்! இதுதான்டி! என்ன ஆழம் பாத்தியா?” துண்டுக்குக் கீழே அவன் கன்னம் நனைந்திருந்தது.

“அவுக்காதீங்க. கொஞ்சம் இருங்க.”

இது உங்க தகரம்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். துண்டு கீழே விழுவதற்கு முன் தாவல் விழுந்துவிடும். உண்மையைச் சொல்லித்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள். ஆனால் சொல்லி அனுப்பிய பிறகு அந்த உண்மையோடு குடித்தனம் நடத்துவது நோயாளியின் வீட்டார். இங்கே இரண்டும் அவளே. நிக்கலைக் கழற்றினாள். எது கைக்கு எட்டியதோ அதை மாட்டிவிட்டுத் துண்டை அவிழ்த்தாள்.

“தோலா? தோலா இது!”

“வெல்வெட் சார் தங்கம்னுல்ல சொன்னாரு?”

“அந்தாளுக்கு என்ன தெரியும்!”

இத்தனை வருஷத்தில் அவன் சொன்ன உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அந்த வாரம் தாவல் ஒரு நாள் ஏறியது, ஒரு நாள் விழுந்தது. விழுந்த நாட்களில் “ரீட் சரியில்ல” என்றான். தோலின்மேல் பழி விழவில்லை. வேண்டாமென்று ஒதுக்கிய நிக்கலை அவள் வாஷிங் மிஷின் குழாய்க்கு மாட்டி இறுக்கினாள். சொட்டுவது நின்றது. ஆழம், தேன், நிலவு ஒன்றும் இல்லை. பிடி என்றால் பிடித்துக்கொண்டது.

வாசித்துக் காட்டும் நாளில் லீவு போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். விழுந்தால் அதை விழவைத்தது தன் கையாகத்தான் இருக்கும். தாவல் வரும் இடம் வந்தது. ஏறியது. சம்மணம் போடவில்லை, ஓரமாக ஒண்டி உட்கார்ந்தது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டது.

“சரி, போய் உங்க எடத்துல உக்காருங்க” என்றார் குழுத்தலைவர்.

வெல்வெட் எழுந்து வந்து, வளையத்தைக் குனிந்து பார்த்து, கண்ணை மூடினார். “தோல்! நான் ஆரம்பத்துலேருந்து தலைபாடா அடிச்சுக்கிறேன். உலோகம் உறைஞ்சு போகும் தம்பி, தோல்தான் மூச்சு விடும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இன்னொண்ணு கடையில இருக்குமா?” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் வாத்தியப் பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்திருந்தான்.

“நெஜத்தைச் சொல்லு. அன்னிக்கு உனக்கும் அந்த வித்தியாசம் கேட்டுச்சுல்ல?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்தபடி, கண்ணைத் திறக்காமல், ஒரு விரலைத் தூக்கினாள்.