மாமன் முறைக்கு வந்த நரி

1982ஆம் வருஷம் ஐப்பசி மாதம், மல்லாட்டை என்று அந்தப் பக்கம் சொல்கிற வேர்க்கடலையைப் பிடுங்கத் தொடங்கிய முதல் நாளன்று, ஓடைமேட்டு வீரம்மாளுக்கு ஒரு நரி அண்ணனாக வாய்த்தது. அந்த வருஷம் மழையும் சரி, மல்லாட்டை விலையும் சரி, குறை சொல்லும்படி இல்லை. நரி வந்தது வீரம்மாளின் வாய்க்கொழுப்பால்தான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பொய்யும் இல்லை. திருவக்கரைக்கு வடக்கே, கல்லாய்ப் போன மரங்கள் கிடக்கிற செம்மண் மேட்டை ஒட்டி அவளுக்கு ஒன்றரை ஏக்கர் கொல்லை. கல்மரத்துக்கு அடியில் வளை தோண்டிக் குடியிருந்த அந்த நரி, நாலு வருஷமாக அவள் கொல்லையில் மட்டும் காய் தோண்டித் தின்றது. பக்கத்துக் கொல்லையை எட்டிக்கூடப் பார்க்காது. அன்றைக்குப் பட்டப்பகலிலேயே வந்து வரப்பில் குந்தியிருந்ததைக் கண்டதும் அவளுக்குத் தலைக்கேறிவிட்டது. “ஏண்டா, கூடப் பொறந்தவன் கணக்கா வருஷா வருஷம் பங்குக்கு வந்து நிக்கிறியே, அப்பிடின்னா மொறையெல்லாம் செய்டா பாக்கலாம்” என்று கத்தி, மண்ணாங்கட்டி என்று நினைத்துக் கைக்கு வந்ததை எடுத்து வீசினாள். வீசியது அப்போதுதான் பிடுங்கிய காய், ஒரு கைப்பிடி. விளைச்சலின் முதல் கைப்பிடியைக் கூடப்பிறந்தவனுக்குக் கொடுப்பது ஓடைமேட்டு வழக்கம். வீரம்மாள் ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவள் என்பதால் அந்த நினைப்பே அவளுக்கு இருந்ததில்லை. நரி ஒரு காய் விடாமல் பொறுக்கித் தின்றது. காய் பிடுங்க வந்திருந்த கோவிந்தம்மாள் நிமிர்ந்து பார்த்து, “சொன்னதும் நீதான், குடுத்ததும் நீதான். மொற ஆயிப்போச்சி, போ” என்றாள். முகவாய் நரைத்திருந்ததால் அண்ணன் முறைதான் என்றும் அவளே தீர்த்துச் சொன்னாள்.

மறுநாளிலிருந்து நரி வேலிப் படல் தாண்டி வருவதை விட்டுவிட்டு, சொந்தக்காரன் வருவதுபோல் வாசல் வழியாக வந்தது. அந்தப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவந்து வைத்தது: ஆற்று நண்டு மூன்று, உயிரோடு ஒரு கோழி. கோழி எதிர்வீட்டுச் சீனுவாசனுடையது. வீரம்மாள் தன் கோழியைப் பிடித்துக் கொடுத்து அந்தச் சண்டையைத் தீர்த்தாள். அடுத்த பொங்கலுக்கும் அப்படியே, அதற்கடுத்த பொங்கலுக்கும் அப்படியே. இதில் இன்னொரு தலைவலி, நரி ஊளையிட்டால் அது என்ன சொல்கிறது என்பது வீரம்மாளுக்கு மட்டும் விளங்கியது. பெற்ற பிள்ளை அழுதால் பசியா வயிற்றுவலியா என்று தாய்க்குத் தெரிவதுபோல, யாரும் கற்றுக்கொடுக்காமல் அவளுக்கு விளங்கியது. விளங்கியதில் ஒரு நல்ல சேதியும் இல்லை. குழம்பில் உப்பில்லை என்னும். தெருநாய்களுக்கு மரியாதை தெரியவில்லை என்னும். கல்மரத்தைச் சுற்றி சர்க்கார் கம்பிவேலி போட்டது யாரைக் கேட்டு என்னும். அதையெல்லாம் அவள் எடுத்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவள் வீட்டுக்காரன் கோதண்டபாணி விடமாட்டான். மச்சான் இல்லாத வீட்டில் பெண்ணெடுத்து இருபது வருஷமாகக் கேலி பேச ஆளில்லாமல் வாடியவன் அவன். “இன்னா சொல்றாரு மச்சான், இன்னா சொல்றாரு” என்று பீடியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். அரிசி களைந்துகொண்டே இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு மாற்றிக் கொடுத்து அவளுக்கு வாய் வலித்தது.

நரி முகத்தில் முழித்தால் யோகம் என்பது உலகம் அறிந்தது. சேதி திண்டிவனம் வரை போய், மார்க்கெட் கமிட்டிக்கு மல்லாட்டை மூட்டை போடுகிற வியாபாரிகள் விடிந்தும் விடியாமலும் டி.வி.எஸ். வண்டியில் வந்து வாசலில் நின்றார்கள். சாணி தெளிக்க வீரம்மாள் கதவைத் திறந்தால் பத்து ஆண்பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள், நரி வந்ததும் சொல்லம்மா, அப்புறம்தான் திறப்போம் என்பார்கள். அவர்கள் ஊற்றிவிட்டுப் போன டீயையும் துப்பிவிட்டுப் போன வெற்றிலையையும் அவள்தான் கழுவினாள். “ஊருக்கெல்லாம் யோகம், எனக்கு மட்டும் பேஜாரு” என்று நரியைப் பார்த்து விளக்குமாற்றை ஓங்குவாள். அது நகர்ந்து அந்தப் பக்கம் படுத்துக்கொள்ளும். நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி என்று ஊர் தன் வேலையைப் பார்த்தது. வீரம்மாள் அதை அண்ணா என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. டேய் என்பாள், இல்லாவிட்டால் அது என்பாள்.

83 ஆவணியில் மகள் செண்பகம் பெரிய மனுஷியானாள். பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டியது தாய்மாமன் பொறுப்பு. நரி காலையிலேயே ஆற்றோரம் போய், விழுந்து கிடந்த தென்னோலைகளை ஒவ்வொன்றாகப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டு வந்தது. முக்கால் மைல் தூரம், ஒன்பது ஓலை. மாமன் செய்கிற வேலையில் மற்றவர் கை வைக்கக் கூடாது என்பதால் ஊரே ஓரமாக நின்று பார்த்தது. ஒன்பதாவது ஓலை வந்தபோது உச்சிவேளை தாண்டிவிட்டது, நரியின் வாயோரம் ரத்தம். வீரம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, ஓலை கோணலாக இருக்கிறது என்று திட்டினாள்.

87 வைகாசியில் செண்பகத்துக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. விழுப்புரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வேங்கடேசன், பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராக்டர் சாமான் கடை, மாடி வீடு, கெட்ட பழக்கம் இல்லை. நரி மாமன் இருக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு இடம் இனி எங்கே வரும் என்று வீரம்மாள் கும்பிடாத சாமி இல்லை. அம்பாசடர் காரில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெருந்தன்மையானவர், “மாமங்காரரு வந்துட்டாருங்களா, அவரு கை வச்சாத்தானே தட்டு மாத்தணும்” என்று தானே கேட்டார். நரி வந்தது. மாப்பிள்ளையின் காலை முகர்ந்தது, வேட்டியை முகர்ந்தது, மடியில் இருந்த கையை வெகுநேரம் முகர்ந்தது. பிறகு தட்டைத் தொடாமல் நடுவாசலில் உட்கார்ந்து மூன்று தடவை ஊளையிட்டது. இந்தக் கையில் ஒரு கைப்பிள்ளைக்குத் தேய்த்த எண்ணெய் வாசனை இருக்கிறது, காலையில் தேய்த்த எண்ணெய். வேட்டியில் பால் கக்கிய வாசனை. இவன் இன்னொரு பாயிலிருந்து எழுந்து வந்திருக்கிறான். இதுதான் அது சொன்னது.

“இன்னாங்க சொல்றாரு?” என்று மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் வீரம்மாளைப் பார்த்தார்கள். சம்மதம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மறுத்துச் சொல்ல உலகத்தில் ஆள் கிடையாது. நரியும் அதைத் தெரிந்துகொண்டதுபோல் இன்னொரு ஊளை இடாமல் அவள் முகத்தையே பார்த்தது. அவள் மனதில் ஐந்து வருஷத்துக் கோழிகளும், வெற்றிலைத் துப்பலும், பக்கத்து ஊர்ச் சிரிப்பும் வரிசையாக வந்து நின்றன. திருட்டு நரி. ஆனால் திருடிய கோழி எந்த வீட்டுக் கோழி என்று கேட்டால் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. கதவோரம் செண்பகம் புதுப் புடவையில் நின்றிருந்தாள். வீரம்மாள் ‘சம்’ வரைக்கும் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் நாக்கு எழவில்லை. “இதும் வாயில நல்ல வார்த்தையே வராது, கட்டையில போற நரி” என்று தலையில் அடித்துக்கொண்டு, எண்ணெயையும் பாலையும் பாயையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். மாப்பிள்ளையின் அம்மா சிரிக்கவில்லை. மகன் பக்கம் திரும்பி, “இன்னாடா?” என்று மட்டும் கேட்டாள். வேங்கடேசன் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பைப் பார்த்தான். கொண்டுவந்த பழத்தட்டைக் கொண்டுவந்தவர்களே எடுத்துக்கொண்டார்கள், கார் கிளம்பிப் போயிற்று.

அன்று சாயங்காலம் வரை வீரம்மாள் நரியைத் திட்டினாள். “ஊர்ல ஒரு பையன வுட மாட்டியா? ஒனக்கு இன்னிக்கித்தான் மூக்கு வேல செய்யணுமா? எம்பொண்ணு வூட்டோட கெடக்கட்டும், நீ ஓலைக்குடிச கட்டிக்கினே இரு” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மகள் தப்பித்தாள் என்பது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தால் கோபம் குறையுமா என்ன? நாற்பது நாள் அதற்குக் கஞ்சி ஊற்றவில்லை. அது தினமும் வந்து வாசலில் வெயிலில் படுத்திருந்துவிட்டுப் போனது. செண்பகம் பின்பக்கமாகக் கேப்பைக்களி கொண்டுபோய் வைப்பதை வீரம்மாள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள். நரி பேச்சைக் கேட்டுச் சம்பந்தத்தைக் கெடுத்தவள் என்று வானூர்ச் சந்தை வரைக்கும் பேர். இரண்டு வருஷம் அந்த வாசலில் ஒரு வரனும் ஏறவில்லை. எதிர்வீட்டுச் சீனுவாசனே ஒரு நாள் வந்து, கோழி போனால் போகிறது, பெண்ணுக்கு ஏதாவது பாருங்கள் என்றான்.

89இல் திண்டிவனத்திலிருந்து விருத்தாசலம் என்கிற பையன் வந்தான். சைக்கிள் கடை வைத்திருந்தான், வாடகை வீடு, ஒரே ஒரு அம்மா. பஸ் இறங்கி மூன்று மைல் நடந்தே வந்தார்கள். நரி அவன் கையை முகர்ந்தது, சட்டையை முகர்ந்தது, காலை முகர்ந்து தும்மியது. பிறகு சின்னதாக ஒரு ஊளை. வீரம்மாள் ஆயாசமாகச் சொன்னாள்: “காலு நாறுதாம். வேற கொற ஒண்ணுமில்லியாம்.” பையன் வெட்கப்பட்டுக் காலை மடக்கிக்கொண்டான். நரி எழுந்து தட்டில் முன்னங்காலை வைத்தது.

ஆவணியில் கல்யாணம். மாமனுக்குப் போட்ட மாலையை நரி சாப்பாடு முடிந்த பிறகும் கழற்றவிடவில்லை. பெண்ணையும் மாப்பிள்ளையையும் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்ற ஊரே ரோட்டுக்கு வந்தது. பஸ் திரும்பி மறைந்ததும், மாலையோடு ரோட்டு நடுவில் நின்று நரி ஊளையிட்டது. ஏழு வருஷத்தில் அது அப்படி ஊளையிட்டதில்லை. நீளமாக, விட்டு விட்டு. கோதண்டபாணி வழக்கம்போல் வந்து, “இன்னா சொல்றாரு மச்சான்?” என்றான். ஊரும் காது கொடுத்தது. வீரம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அது எங்கண்ணன் எங்கிட்ட சொன்னது. ஒங்களுக்கு எதுக்கு?” என்றாள்.

பந்தலில் எச்சில் இலை எடுக்க வேண்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.