நிலாவை மூன்று வினாடி அழுத்தவும்

துணி துவைக்கிற மெஷினுக்குப் பட்டன் எதற்கு என்று கேட்டவர் நம் மாப்பிள்ளை. கேட்டதோடு நின்றிருந்தால் நாலு பேர் நிம்மதியாகத் துவைத்திருப்பார்கள். ஆனால் அவர் பார்க்கிற வேலையே அதுதான். வீட்டுச் சாமான்களுக்கு முகம் வரைகிற வேலை. எங்கே தொட்டால் என்ன நடக்கும், எந்த விளக்கு எப்போது எரியும், வேலை முடிந்தால் எத்தனை தடவை கத்தும், எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். இந்தக் கதையை நடத்தி வைத்தவர் அவருடைய மாமியார் என்பதால் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிடுவோம்.

எட்டு மாதம் உட்கார்ந்து அவர் செய்த முகம் ஒரு கறுப்புக் கண்ணாடி. அதில் எழுத்து என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. மெல்லிய கோட்டில் ஐந்து படங்கள் மட்டும். மேகம் என்றால் மெல்லிய துணி. இலை என்றால் தண்ணீர் கொஞ்சம். மலை என்றால் அழுக்கு ஜாஸ்தி. சுழி என்றால் பிழிவது. கடைசியில் ஒரு பிறை நிலா. அதுதான் நிறுத்தம். "நிலா வந்தா உலகமே ஓய்வெடுக்குது இல்லையா சார், அந்த மாதிரி மெஷினும்" என்று கூட்டத்தில் விளக்கியபோது அவரே அதில் சொக்கிப்போனார். நிலாவைச் சும்மா தொட்டால் நிற்காது. மூன்று வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓய்வை யாரும் அவசரப்படுத்தக் கூடாதாம்.

மேனேஜர் வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிறவர். அன்று மட்டும் கொஞ்சம் தாராளமாகப் பேசினார். "அஞ்சு பேரைக் கூப்பிட்டு உட்கார வைப்போம். ஓடுற மெஷினை யார் உதவியும் இல்லாம, மூணு நிமிஷத்துக்குள்ள, மூணு பேராவது நிறுத்தினா ஃபேக்டரிக்குப் போகட்டும். இல்லாட்டி பழையபடி கையால திருப்புற திருகு."

திருகு என்ற சொல் காதில் விழுந்தாலே மாப்பிள்ளைக்கு உடம்பு எரியும். "சார், சோதனைக்குன்னு செஞ்ச மெஷின் எங்க வீட்டுலயே ஆறு மாசமா ஓடுது. எங்க அத்தை கண்ணை மூடிக்கிட்டு நிறுத்துவாங்க" என்றார்.

அவர் புளுகவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். தினமும் பகலில் 'துவைக்கத் தொடங்கியது' என்று மெஷினிடமிருந்து அவர் போனுக்குச் செய்தி வரும். அதைக் கேண்டீனில் எல்லாரிடமும் நீட்டுவார், பிள்ளை முதலடி வைத்த போட்டோவைக் காட்டுகிற அப்பாவைப் போல.

பரீட்சை நாள் வந்தது. ஒரு வெள்ளை அறை, நடுவில் மெஷின், சுவரில் ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவருக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி. பின்னால் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளைக்கும் மேனேஜருக்கும் அது ஜன்னல். வெள்ளைத் துணிகளோடு ஒரு சிவப்பு சாக்ஸை உள்ளே போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்ததும் "சாக்ஸ் விழுந்துடுச்சு, நிறுத்துங்க" என்று சொல்வார்கள். பரீட்சை நடத்துகிற பெண் முகத்தை இஸ்திரி போட்ட மாதிரி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். குறிப்புக் கொடுக்கக் கூடாது, கண் ஜாடை கூடாது.

முதல் நாலு பேரில் இரண்டு பேர் தோற்றார்கள். ஒருவர் நிலாவைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் யோசித்தபடியே கண்ணாடி மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றார், முழங்கை நிலா மேல் இருந்தது, மெஷின் நின்றது. "கையா முழங்கையான்னு விதியில போடலையே சார்" என்று மாப்பிள்ளை வாதாடி அதையும் பாஸ் கணக்கில் சேர்த்துவிட்டார். ஆக இரண்டுக்கு இரண்டு. ஐந்தாவது ஆள் கையில்தான் எட்டு மாத உழைப்பு.

அதற்குள் போட்ட துணிகள் எல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டன. ஐந்தாவது ஆளுக்குப் போட வெள்ளைத் துணி இல்லை. சாயங்காலக் கூட்டத்துக்காக அலமாரியில் மாட்டி வைத்திருந்த தன் வெள்ளைச் சட்டையை மேனேஜர் பெருந்தன்மையோடு எடுத்துக் கொடுத்தார்.

ஐந்தாவதாக ஒரு அம்மா பதினோரு மணிக்கு வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையோ அன்று பார்த்துப் போனை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்தார். ஆபீஸ் போனிலிருந்து வீட்டுக்குக் கூப்பிட்டபோது அத்தை, "பதினோரு மணிக்குள்ள கொண்டுவந்து குடுத்துடறேன் மாப்பிள்ளை" என்றார். வார்த்தை தவறாமல் வந்தும்விட்டார். வாசலில் பரீட்சை நடத்துகிற அந்தப் பெண், "பதினோரு மணிக்கு வர்றதாச் சொன்னவங்க நீங்கதானேம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தையும், "ஆமா, நான்தான்" என்றிருக்கிறார். வருகிறவர்கள் பெயரைப் பதிய வாசலில் இருந்த தொடுதிரையோடு அதற்குள் பத்து நிமிடம் மல்லுக்கட்டியிருந்த அத்தை, இந்த ஆபீஸில் ஒரு போனைக் கொடுக்க இதையும் தாண்ட வேண்டும் போல என்று நினைத்து உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

இருட்டறையில் மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. "சார், இது எங்க அத்தை!"

"கண்ணை மூடிக்கிட்டு நிறுத்துறவங்களா?" மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "நல்லதாப் போச்சு. இருக்கட்டும்."

மாப்பிள்ளைக்கும் மெதுவாக உயிர் வந்தது. அத்தை லேசுப்பட்டவர் இல்லை. முப்பது வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்து, எத்தனையோ மெஷின்களை மேய்த்தவர். அதிர்ஷ்டம் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தார்.

"அம்மா, இது உங்களுக்குப் பரீட்சை இல்ல, மெஷினுக்கு" என்றாள் பெண். "மெஷினை ஓட விடுங்க. மனசுல என்ன ஓடுதோ அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்யுங்க. எதையும் விட வேண்டாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"நல்லா யோசிச்சுக்கோம்மா" என்றபடி அத்தை மெஷின் பக்கம் திரும்பினார். "அட, இது நம்ம வீட்டு மெஷின்! எங்க மாப்பிள்ளை வரைஞ்சதாக்கும்." அவ்வளவுதான், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மனசுல ஓடுறதைச் சொல்லுங்கம்மா."

"ஓடுது. சொல்ல மாட்டேன்."

"இங்க சொல்றது வெளியே போகாதும்மா."

அவள் சொன்னது பொய்யில்லை. வெளியே போகவில்லை, பக்கத்து அறைக்குத்தான் போனது.

அத்தை பெருமூச்சு விட்டு, ஐந்து விரலையும் விரித்துக் கண்ணாடியில் அப்பினார். "இப்படி வெச்சா ஏதாவது ஒண்ணு ஓடும். எது ஓடுதுன்னு நமக்கும் தெரியாது, அதுக்கும் தெரியாது." மெஷின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெண் சாக்ஸ் விஷயத்தைச் சொல்லிக் கடிகாரத்தை அழுத்தினாள்.

"வெள்ளையோட சிவப்பைப் போட்டவங்க யாரும்மா? சரி, பார்ப்போம். இது மேகம். மழை வர்ற மாதிரி இருந்தா துணியை வெளியே போடாதேன்னு சொல்லுது போல." தொட்டார். மெஷின் தாளத்தை மாற்றியது. "இது இலை. பாக்கெட்ல இலை தழை இருக்கான்னு பாரு. இது மலை. இதை எதுக்கு வெச்சாரோ, பாவம். இது வந்து..." கண்ணாடிக்குக் கிட்டே குனிந்தார். "வெட்டிப் போட்ட நகம். சீ, இதை யாரு தொடுவா!"

மாப்பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நகமா? எட்டு மாதத்தில் அந்த வளைவை மட்டும் நூற்றுப் பத்து தடவை திருத்தியிருக்கிறார். நகமா?

"என் சட்டை" என்றார் மேனேஜர், வழக்கமான சிக்கனத்துக்குத் திரும்பி. மெஷினின் வட்டக் கதவுக்குப் பின்னால் ஒரு ரோஸ் நிறக் கை மேலே வந்து, எல்லாருக்கும் டாட்டா காட்டிவிட்டுக் கீழே போனது.

"வீட்டுல என்னம்மா பண்ணுவீங்க?" என்று கேட்டாள் பெண்.

"வீட்டுல இதுல துணி போட்டாத்தானே?" அத்தை குரலைத் தாழ்த்தினார். அறையில் இருந்த மைக் அதற்கெல்லாம் அசரவில்லை. "மேல் வீட்டம்மாகிட்ட திருகு வெச்ச பழைய மெஷின் ஒண்ணு இருக்கு. சனிக்கிழமையானா எங்க துணியெல்லாம் அங்கதான் போகும். மாப்பிள்ளை பார்த்துடக் கூடாதுன்னு சூட்கேஸ்ல வெச்சு எடுத்துட்டுப் போவேன்."

மாப்பிள்ளைக்குப் படிக்கட்டு ஞாபகம் வந்தது. சனிக்கிழமைதோறும் சூட்கேஸோடு மேலே ஏறுகிற அத்தை. "என்ன அத்தை, பயணமா?" என்று இவர் கேட்பதும், "மேல் வீட்டம்மாவுக்குப் படிக்கப் புத்தகம்" என்று அவர் சொல்வதும். இந்த வயதில் இவ்வளவு படிக்கிறார்களே என்று இவர் நெகிழ்ந்துபோய், ஒரு தடவை மாடிவரை தானே தூக்கிக் கொடுத்ததும் உண்டு. அன்று அதில் அவருடைய பேண்ட் நாலு இருந்திருக்கும்.

"அப்புறம் தினம் பகல்ல ஒரு தடவை இதை வெறுமனே ஓட விடுவோம், நானோ என் பொண்ணோ. அவர் போனுக்குச் செய்தி போகுமே. வரலைன்னா மனசு வாடிப் போயிடும்."

"அவர்கிட்டயே சொல்லலாமேம்மா?"

"எப்படிம்மா சொல்றது? ஆபீஸ்ல இருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழட்டாம இது முன்னாடி போய் நிப்பார். தூசி இருந்தா சட்டை நுனியால துடைப்பார். தங்கமான மனுஷன். அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு, இது எங்களுக்குப் புரியலைன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

மாப்பிள்ளை பொத்தென்று உட்கார்ந்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவமானத்துக்குக் கீழே வேறு ஏதோ ஒன்றும் இருந்தது. ஒரு மனுஷனின் மனசு வாடாமல் இருக்க இரண்டு பெண்கள் ஆறு மாதமாக வெறும் மெஷினை ஓட்டியிருக்கிறார்கள்.

"ரெண்டரை நிமிஷம்" என்றார் மேனேஜர்.

அத்தை நிமிர்ந்தார். "சரி, இது வேலைக்காகாது. தியேட்டர்ல எந்த மெஷின் அடம் பிடிச்சாலும் நாங்க முதல்ல கரண்டைத்தான் தேடுவோம்." புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்தார். ஒரு முனகல் கேட்டது. மெஷின் நின்றது. அத்தை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் பிளக்கோடு எழுந்தார்.

பெண் இருட்டறைக்குள் வந்தாள். "ரெண்டு நிமிஷம் நாற்பது வினாடி. யார் உதவியும் இல்ல. நிறுத்தினாரான்னு மட்டும்தான் இதுல கேள்வி இருக்கு. என்ன போடட்டும்?"

மேனேஜர் தாளை வாங்கி மாப்பிள்ளையிடம் நீட்டினார். "நீங்களே போடுங்க."

கையா முழங்கையா என்று விதியில் இல்லை. பிளக்கா நிலாவா என்றும் இல்லை. 'ஆம்' என்று ஒரு கோடு போட்டால் மூன்று பேர் பாஸ், நிலா ஃபேக்டரிக்குப் போகும், அங்கிருந்து ஊரெல்லாம் போகும். போகிற வீட்டிலெல்லாம் யாரோ ஒரு அத்தை சூட்கேஸோடு படியேற வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் மேல் மாடியில் ஒரு திருகுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை பேனாவைக் கொஞ்ச நேரம் மென்றுவிட்டு 'இல்லை' என்று எழுதினார். எழுதிய கையோடு முழங்கைக்காரரையும் பாஸ் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்.

அவர் உள்ளே போனதும் அத்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாப்பிள்ளை! நீங்க எங்க இருந்து வர்றீங்க?"

மாப்பிள்ளை கண்ணாடியைக் காட்டினார். அத்தை கண்ணாடியைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு முப்பது வருஷம் நோயாளிகளுக்குச் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"மெஷின் ரொம்ப நல்லாயிருக்கு மாப்பிள்ளை."

"தெரியும் அத்தை" என்றார் மாப்பிள்ளை. சிரிப்பு வந்தது. கண்ணிலும் என்னவோ வந்தது. "சனிக்கிழமை சூட்கேஸை நானே தூக்கிட்டு வரேன்."

அத்தை பையிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தார். கைக்கு வந்ததுமே அது அதிர்ந்தது. 'துவைக்கத் தொடங்கியது.'

மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டார். அன்று லீவில் இருந்த மனைவி எடுத்தாள். பின்னால் மெஷின் உறுமுவது கேட்டது.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுதே. ஒரு லோடு போட்டிருக்கேன். பெட்ஷீட், உங்க சட்டை..."

"உள்ள ஒண்ணும் இல்லைன்னு எனக்குத் தெரியும். அத்தை எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"கோபமா?" என்றாள் மனைவி.

"இல்ல. அதை நிறுத்திடு, போதும்."

"எப்படி நிறுத்துறது?"

மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். "கடைசியா ஓரத்துல வெட்டிப் போட்ட நகம் மாதிரி ஒண்ணு இருக்கும் பாரு. அதை மூணு வினாடி அழுத்திப் பிடி."

"நகமா? எது, அந்த நிலாவா?"

மாப்பிள்ளை கண்ணைத் திறந்தார். "நிலான்னு உனக்குத் தெரியுமா?"

"பார்த்த அன்னைக்கே தெரியும். அழகா இருக்குன்னு தினமும் துடைக்கிறேன்" என்றாள் மனைவி. "அதை அழுத்தினா நிக்கும்னு யாருங்க கண்டா?"

ஒன்று, இரண்டு, மூன்று. போனில் மெஷின் நின்ற சத்தம் கேட்டது.