பெறாத பிள்ளைக்கு வந்த போன்

தையல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மா, அன்று காலையில் ஒன்பதாவது முறையாகக் காலை நிறுத்தினாள். வெட்டிப்போட்ட துணிகளுக்கு அடியில் கிடந்த போன் துணியையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. துழாவி எடுத்துக் காதில் வைத்தாள்.

“மேடம், வணக்கம். உங்க ரெண்டாவது பையன் ஒன்பதாம் வகுப்புதானே? கணக்குல கொஞ்சம் வீக்கா இருக்காரா?”

“ரெண்டாவது பையனா? எனக்கு மொதல் பையனே கிடையாதும்மா. இருக்கிறது ஒரே ஒரு பொண்ணு. அதுவே ஒன்பது பையனுக்குச் சமம்.”

“இல்ல மேடம், லிஸ்ட்ல இருக்கே.”

“அப்ப அந்த லிஸ்ட்டைப் பெத்தவகிட்டயே போய்க் கேளு!”

கட்டிலில் உட்கார்ந்து பேப்பரை மூக்கில் ஒட்டிப் படித்துக்கொண்டிருந்த அப்பா சிரித்தார். “எனக்குத் தெரியாம எப்பம்மா பெத்தே? நான் ராத்திரி பஸ் ஓட்டிக்கிட்டிருந்தப்பவா?”

“உங்களுக்கென்ன, சிரிப்பீங்க. நான் ஊசியைப் பாப்பேனா, இந்த எழவைப் பாப்பேனா?”

அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் மறுபடியும் அடித்தது. இந்த முறை எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை பேசுவதற்குள் அம்மா கொட்டிவிட்டாள். “எனக்குப் பையனும் கிடையாது, நெலமும் வேண்டாம், கடனும் வேண்டாம். வெக்கங்கெட்டவளே, போனை வை!” கட் செய்து துணிக்குள்ளேயே புதைத்தாள்.

ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண் அப்படியே நின்றுவிட்டாள். பள்ளியில் அவளுக்கு ஒயர் என்று பேர். பத்தாம் வகுப்பில் சேர்ந்த நாள்முதல் அவள் சட்டைப்பையில் ஒரு சார்ஜர் ஒயர் தொங்காத நாள் கிடையாது.

“அம்மா, மொத போன்ல என்ன கேட்டாங்க? ரெண்டாவது பையன், ஒன்பதாம் வகுப்புன்னா?”

“ஆமாடி. உனக்கு ஒரு தம்பி இருக்கானாம். போய்த் தேடிக் கூட்டிக்கிட்டு வா.”

ஒயர் சிரிக்கவில்லை. புத்தகப் பையைக் கொட்டி ஒரு பழைய நோட்டை எடுத்தாள். அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. வீட்டுக்கு எந்தப் படிவம் வந்தாலும் அவள்தான் நிரப்புவாள். ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே ஒரு பொய்யை வைப்பாள், ஒன்றில் வைத்த பொய்யை இன்னொன்றில் வைக்கமாட்டாள். மளிகைக் கடைப் பரிசுச் சீட்டில் அப்பாவுக்கு நாய் டாக்டர் வேலை. செருப்புக் கடைப் படிவத்தில் வீட்டில் பதினோரு பேர். எந்தப் பொய் திரும்பி வருகிறதோ அந்த ஓட்டை வழியாகத்தான் நம்பர் வெளியே போயிருக்கிறது என்பது அவள் கணக்கு. எலிப்பொறியில் வைக்கிற தேங்காய்ச் சில்லு மாதிரிதான்.

நோட்டைப் புரட்டினாள். ஒன்பதாம் வகுப்புத் தம்பியை அவள் ஒரே ஒரு இடத்தில்தான் எழுதியிருந்தாள். அது பள்ளிக்கூடத்துப் படிவம்.

அந்தப் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளுக்கு முன்பே பெரிய மரியாதை இல்லை. வாரத்துக்கு ஒரு நாள் கம்ப்யூட்டர் அறையைத் திறப்பார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேர் உட்கார்ந்து, அதன்மேல் போட்டிருக்கிற உறையைப் பார்த்துவிட்டு வரவேண்டும். தொட்டால் கெட்டுவிடுமாம். மற்ற நாளெல்லாம் கம்ப்யூட்டரை நோட்டில் எழுதிப் படிக்கவேண்டும். நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்கிற கதை. கண்ணாடி உடைந்த பழைய போனை வைத்துக்கொண்டு தானே புரோகிராம் எழுதப் பழகியவளுக்கு அது எப்படி ஒட்டும்? போன பரீட்சையில் ‘ஸ்பாம் என்றால் என்ன?’ என்று கேட்டிருந்தார்கள். ‘கேட்காதவர்களுக்கு வேண்டாததை அனுப்பித் தொல்லை கொடுப்பது, அதற்கு நம்பரைக் காட்டிக்கொடுத்தவனே முதல் குற்றவாளி’ என்று எழுதினாள். முதல் பாதிக்கு ஒரு மார்க். இரண்டாம் பாதி புத்தகத்தில் இல்லை என்று சிவப்புக் கோடு.

அன்றைக்கு அவள் கோபம் அந்தக் கோட்டளவுதான். பத்து நாள் கழித்துத்தான் அது வேறு கோபமாயிற்று.

அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பஸ் ஓட்டவிடாமல் டெப்போவில் பஸ் கழுவப் போட்டிருந்தார்கள். மூன்று மாதத்துக்குள் கண்ணைச் சரிசெய்துகொண்டு வந்தால் ஸ்டியரிங், இல்லாவிட்டால் வீடு என்று சொல்லிவிட்டார்கள். இலவச ஆபரேஷனுக்குப் பேர் கொடுத்துப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. முறை வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும் என்று போன் அடித்த ஒவ்வொரு தடவையும் அம்மா ஓடி ஓடி எடுத்த காலம் ஒன்று உண்டு. இந்த விளம்பரக்காரர்கள் அதைக் கெடுத்தார்கள். என்ன இன்னும் கூப்பிடக் காணோமே என்று மூன்று பேரும் நேரிலேயே போனார்கள்.

கவுண்ட்டரில் இருந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேரைத் தேடினாள். அப்புறம் கண்ணாடிக்கு மேலாக அம்மாவைப் பார்த்தாள்.

“மூணு தடவை கூப்பிட்டிருக்கோம். ரெண்டு தடவை கட் பண்ணியிருக்கீங்க. மூணாவது தடவை, ‘வெக்கங்கெட்டவளே, போனை வை’ன்னீங்க.”

“ஐயோ, அது யாரோ விளம்பரக்காரின்னு…”

“நான்தாங்க அந்த வெக்கங்கெட்டவ.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா, பாவம், எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார். சுவரும் அவருக்குப் புகையாகத்தான் தெரிந்தது.

“அடுத்த முறை பத்து மாசம் கழிச்சுத்தான்,” என்றாள் அந்த அம்மாள். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினாள். “உங்க தப்பு இல்லைன்னு யாராவது பொறுப்பான எடத்துல சீல் வச்சு எழுதிக் கொடுத்தா, டாக்டர் பழைய வரிசையிலேயே சேர்ப்பாரு. ஆனா இந்த மாசம் முடியறதுக்குள்ள.”

மறுநாளே ஒயர் அம்மாவை இழுத்துக்கொண்டு பள்ளி நிர்வாகியின் அறைக்குப் போனாள். பிள்ளைகள் அவரைப் பெரிய சார் என்பார்கள். உள்ளே போனதும் முகத்தில் குளிர் அடித்தது. சுவரில் புத்தம்புது ஏசி இரண்டு. இரண்டின் நெற்றியிலும் ஒரு டியூஷன் சென்டரின் பேர் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. இல்லாத தம்பிக்குக் கணக்குச் சொல்லித்தரக் கூப்பிட்டது அதே சென்டர்தான். ஒயருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் ஆயிரத்து இருநூறு பேர் வீட்டு நம்பரை வாரிக் கொடுத்துவிட்டு, ஆசாமி காற்று வாங்கிக்கொண்டிருக்கிறார்.

நோட்டைக் காட்டினாள், தம்பியைச் சொன்னாள், ஆஸ்பத்திரியைச் சொன்னாள். “நம்பர் இங்கேருந்துதான் வெளிய போச்சுன்னு ஒரு லெட்டர் மட்டும் கொடுங்க சார்.”

பெரிய சார் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “படிவத்துல பொய் எழுதினது நீ. கம்ப்யூட்டர்ல நாப்பத்திரெண்டு மார்க் வாங்கினதும் நீ. எனக்கு நீ வகுப்பெடுக்கிறியா?”

“சார், அவ சின்னப் பொண்ணு, விடுங்க. அவ அப்பாவுக்குக் கண்ணு…” என்று அம்மா கையைக் கூப்பினாள்.

“ஏம்மா, வேண்டாத போன் வந்தா கட் பண்ணுங்க. ரெண்டு செகண்ட் வேலை. இதுக்குப் போய் ஒப்பாரியா? ஒரு போன் வந்து எவன் செத்தான்?” மணியை அடித்துப் பியூனைக் கூப்பிட்டார். “இவங்களை வெளிய அனுப்புப்பா.”

வெளியே வந்ததும் அம்மா அழுதாள். ஒயர் அழவில்லை. பள்ளியின் பெயர்ப்பலகையை அண்ணாந்து பார்த்தாள். அதில் பெரிய சாரின் போன் நம்பர் முழ நீளத்துக்கு எழுதியிருந்தது.

ஒரு புரோகிராம் எழுதினால் பத்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அவள் எழுதவில்லை. அம்மா கைத்தையல் போடுகிற மாதிரி, ஒவ்வொரு படிவமாகக் கையாலேயே நிரப்பினாள். மதியச் சாப்பாட்டு வேளையில், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, எட்டு நாள். ‘இலவசம்’ என்று எங்கெல்லாம் கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் பெரிய சாரின் நம்பர் போய் விழுந்தது. வழுக்கைத் தலையில் முடி நடுவது. குறட்டைக்கு மருந்து. நாய்க்குப் பயிற்சி. நாலு ஏக்கர் பண்ணை நிலம். கடைசி நாள், கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுமண ஜோடி பார்க்கிற ஒரு கம்பெனி. ஒவ்வொன்றையும் அனுப்பும்போது ‘ரெண்டு செகண்ட் வேலை’ என்று சொல்லிக்கொண்டாள். அந்தச் சொல் வெல்லம்போல நாக்கில் கரைந்தது.

மூன்றாம் நாளே பிரார்த்தனை நேரத்தில் பெரிய சாரின் சட்டைப்பை பாட ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் அவர் வராந்தாவில் நின்று, “எனக்கு முடி வேண்டாம்யா! இருக்கிறது போதும்யா!” என்று கத்தினதை ஏழாம் வகுப்பு முழுக்கக் கேட்டது. நம்பரை மாற்றலாம் என்றால், பள்ளிப் பஸ்களின் முதுகிலிருந்து நோட்டு அட்டைவரை எல்லாவற்றிலும் அதுதான் அச்சாகியிருந்தது. வீட்டில் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனவர் திரும்பி வந்தபோது, மறுமணக் கம்பெனிக்காரியிடம் அவர் மனைவி பேசிக்கொண்டிருந்தாளாம். அதற்கப்புறம் இரண்டு நாள் மனுஷன் கடைச் சாப்பாடு. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்?

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது பெற்றோர் கூட்டம் நடந்தது. பெரிய கூடம் நிறைந்த ஜனம். டெப்போவிலிருந்து நேராக வந்த அப்பா, ஈரம் காயாத பேன்ட்டோடு கடைசி வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒயர் அவர்களுக்குப் பின்னால் நின்றாள்.

பெரிய சார் மைக்கைப் பிடித்து ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார். போன் அடித்தது. கட் செய்தார். பண்பாட்டைப் பற்றிப் பேசினார். அடித்தது. கட் செய்தார். மூன்றாம் முறை, யாரென்று பார்க்கப் போய் விரல் தவறி எதையோ அழுத்திவிட்டார் போலிருக்கிறது. மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் போன் கணீரென்று பேசியது.

“ஐயா, நீங்க கேட்ட மாதிரியே ரெண்டாவது கல்யாணத்துக்கு மூணு ஜாதகம் வந்திருக்கு…”

கூடம் குலுங்கிச் சிரித்தது. பெரிய சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

“சிரிக்காதீங்க! பத்து நாளா நான் தூங்கலை! எவனோ என் நம்பரை என்னைக் கேக்காம ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கான். ஒருத்தன் நம்பரை அவனைக் கேக்காம அடுத்தவனுக்குக் கொடுக்கிறவன் மனுஷனா? திருடனுக்கும் கீழே அவன்! அவனைப் பிடிச்சு ஜெயில்ல போடணும்!”

நுணலும் தன் வாயால் கெடும். ஒயர் இதற்காகவே எட்டு நாள் உட்கார்ந்து பின்னினாள் என்றாலும், இவ்வளவு அழகாக வந்து விழுவார் என்று அவளே நினைக்கவில்லை.

“சார்!” என்றாள் பின்னாலிருந்து. “இப்ப சொன்னீங்களே, அதை அப்படியே எழுதி, சீல் வச்சுக் கொடுங்க.”

எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் பள்ளிப் படிவத்தைச் சொன்னாள், ஏசியைச் சொன்னாள், அப்பாவின் கண்ணைச் சொன்னாள். பிறகு கேட்டாள்: “அந்த டியூஷன் சென்டர்லேருந்து போன் வராதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க.” ஒரு கைகூட எழவில்லை. சிரித்த வாய்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

“உங்க நம்பரைக் கொடுத்தது நான்தான் சார்.”

“நீயா? போலீசைக் கூப்பிடுறேன் பார்!”

அம்மா எழுந்தாள். அன்றைக்குக் கையைக் கூப்பிய அதே பொம்பளைதான். “கூப்பிடுங்க சார். ஒரு நம்பரைக் கொடுத்தவளையும், ஆயிரத்து இருநூறு நம்பரைக் கொடுத்தவரையும் ஒரே வண்டியில ஏத்திக்கிட்டுப் போகட்டும்.”

“வண்டியை நானே ஓட்டுவேன்,” என்றார் அப்பா. “கண்ணுதான் தெரியலை.”

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்து, மேசைமேல் கிடந்த வெள்ளைத் தாளைப் பெரிய சார் பக்கம் நகர்த்திவைத்தார். இன்னொருவர் பேனாவைத் திறந்து கொடுத்தார். பெரிய சார் கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்து எழுதினார். ஒயர் வாங்கிப் படித்துவிட்டு, “கடைசியா ரெண்டு வரி சேருங்க சார்,” என்று சொல்லச் சொல்ல அதையும் எழுதினார். சீல் வைக்கும்போது தலையைத் தூக்காமல் கேட்டார்:

“இந்தப் போனையெல்லாம் நிறுத்த ஏதாவது வழி இருக்காம்மா?”

“எங்கம்மா நம்பரை நீங்க கொடுத்த எடத்துலேருந்து திருப்பி வாங்கிக்கிட்டு வாங்க சார். உங்க நம்பரை நானும் திருப்பி வாங்கித் தரேன்.”

ஆகாத காரியம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அம்மா சொன்னாள்: “நீ செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன்டி.”

“அப்ப தப்புன்னு சொல்லு.”

“அதையும் சொல்ல மாட்டேன்.”

கவுண்ட்டர் அம்மாள் கடிதத்தைப் படித்தாள். அப்பாவின் பேரைப் பழைய வரிசையில் ஏற்றி, வருகிற புதன்கிழமை வரச் சொன்னாள். பிறகு அந்தக் கடைசி இரண்டு வரியை மறுபடியும், இந்த முறை வாய்விட்டே படித்தாள்:

“‘ஒருவர் நம்பிக் கொடுத்த நம்பர் அவர் வீட்டுக் கதவின் சாவி. அதை அவரைக் கேட்காமல் அடுத்தவனிடம் நீட்டுகிறவன், எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டவன்தான்.’”

கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து, கடிதத்தோடு ஜெராக்ஸ் மிஷின் பக்கம் போனாள்.

“எதுக்குங்க இன்னொண்ணு?” என்றாள் அம்மா.

“எங்க பெரிய அதிகாரி மேசையில வைக்கத்தான். அவர் அறையிலயும் போன வாரம் புது ஏசி மாட்டியிருக்காங்க.”