கரிமுகனின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

பத்துக் கையெழுத்து. பத்தில் ஒன்றுகூடப் புத்தகத்தைத் திறந்து பார்த்த கையால் போட்டதல்ல. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோபக்காரி என்று ஆபீசில் எனக்குப் பெயர் உண்டு. ரிடையர் ஆகி இரண்டு வருடமாகியும் அந்தப் பெயர் போகவில்லை, போகவும் வேண்டாம்.

நான் ரோஹிணி. மத்திய அரசில் முப்பத்தைந்து வருடம் கோப்பு தள்ளிவிட்டு, ரிடையரான கையோடு ஒரு நாவல் எழுதினேன். பெயர் 'கரிமுகன்'. பெட்ரோலே கண்டுபிடிக்காத ஒரு டில்லியில் கதை நடக்கிறது. சாந்தினி சவுக்கில் நீராவி டிராம் ஓடும். செக்ரடேரியட்டில் பித்தளைக் குழாய்க்குள் நீராவி தள்ளி, கோப்புகள் அறைக்கு அறை பறக்கும். ஸ்டீம்பங்க் என்று இந்த ரகத்துக்குப் பெயராம். என் தங்கை மகள் அபூர்வா சொல்லித்தான் எனக்கே தெரியும். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நான் வாசித்துக் காட்டி அவள் கேட்டாள்.

அந்த டில்லியில் ஒரு குமாஸ்தா, செய்யாத தப்புக்குத் தண்டனை வாங்குகிறான். அவனைக் குற்றவாளியாக்கிய குறிப்பில் கையெழுத்திட்ட ஏழு பேரில் ஆறு அதிகாரிகளை, முகத்தில் கரி பூசிய ஓர் உருவம் ஒவ்வொருவராகப் பிடித்துக் கடைத்தெருவில் நிறுத்துகிறது. ஜனங்கள் கரிமுகனைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறார்கள். அவன் யார் என்பதுதான் மர்மம். கடைசிப் பதினாறு பக்கத்தில் கரியைத் துடைக்கும்போது தெரியும், அவன் இல்லை, அவள். அந்தப் பொய்க் குறிப்பை எழுதி முதல் கையெழுத்துப் போட்ட ஏழாவது ஆள். அவள் குமாஸ்தாவின் முன்னால் போய் நின்று, நான்தான் எழுதினேன் என்கிறாள்.

இதை நான் ஒரே ஓர் ஆளுக்காக எழுதினேன். ஜம்புவுக்காக.

தொண்ணூற்று மூன்றில் எங்கள் செக்‌ஷனில் ஒரு கோப்பு காணாமல் போனது. அது டெபுடி செக்ரடரி ராஜகோபாலன் வீட்டுக்குப் போனது, பியூன் புக்கைப் பாருங்கள் என்று எங்கள் யூ.டி.சி. குமாஸ்தா ஜம்பு தலைபாடாக அடித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லை. பியூன் புக் என்பது எந்தக் கோப்பை யார் வாங்கினார் என்று கையெழுத்து வாங்கும் நோட்டு. அப்போது அசிஸ்டெண்டாக இருந்த நான், அதைத் தேடிப் பார்க்கச் சோம்பல்பட்டு, கோப்பு கடைசியாக ஜம்பு வசம் இருந்தது என்று குறிப்பு எழுதிவிட்டேன். எனக்கு மேலே ஆறு பேர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். அதில் ராஜகோபாலனும் ஒருவர்.

ஒரு வாரம் கழித்து வேறெதையோ தேடும்போது அந்த நோட்டு அகப்பட்டது. உள்ளே ராஜகோபாலன் வீட்டு விலாசம், அவருடைய கையெழுத்து. மூடி வைத்துவிட்டேன். ஆறு பேர் கையெழுத்திட்ட குறிப்பைத் தப்பென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஜம்புவுக்குப் பிரமோஷன் நின்றது. யூ.டி.சி.யாகவே ரிடையர் ஆனார். ராஜகோபாலன் ஜாயிண்ட் செக்ரடரியாக மாலை போட்டுக்கொண்டு போனார்.

லக்ஷ்மிபாய் நகரில் ஒரு வாசகர் வட்டம் உண்டு, நான் அதில் இல்லை. பதினோரு பேர், அத்தனை பேரும் ரிடையர்டு சர்க்கார் ஆசாமிகள். தலைவர் யாராக இருப்பார்? ராஜகோபாலன்தான். மாதம் ஒரு புத்தகம், அதுவும் ஒரே பிரதி. அதை ஒரு கோப்பு அட்டையில் கட்டி, மேலே நோட் ஷீட் வைத்து வீடு வீடாக அனுப்புவார்கள். பதவியில் எல்லோருக்கும் கீழே கடைசி ஆளாக இருந்தவர் முதலில் படித்துக் கருத்து எழுத வேண்டும். மற்றவர்கள் அதன் கீழே தங்கள் கருத்தை எழுதிக்கொண்டே மேலே அனுப்பி, தலைவரிடம் முடியும். கடைசியில் கூட்டம் போட்டு, கையெழுத்தான குறிப்பை அந்தக் கடைசி ஆளே எழுந்து நின்று உரக்க வாசிப்பார். அந்தக் கடைசி ஆள் ஜம்பு. ரிடையர் ஆன பிறகும் மனுஷனை யூ.டி.சி. நாற்காலியில்தான் உட்கார வைத்திருந்தார்கள்.

வட்டத்தில் 'கரிமுக'னை எடுத்திருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாருங்கள் என்று செயலாளர் பாலசுப்ரமணியம் போன் செய்தார். ஜம்பு படித்திருப்பார். கடைசி அத்தியாயத்தைப் படித்த ஜம்பு என்ன சொல்வார்? காறித் துப்பினாலும் சரி, அது ஒன்று போதும் என்று ஆட்டோ பிடித்தேன்.

சமுதாயக் கூடத்தில் சமோசா, டீ. கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். பாலசுப்ரமணியம், ரகசியக் கோப்பைக் குழாயில் அனுப்ப எந்த விதி அனுமதிக்கிறது என்று கேட்டார். ராஜம் மாமி, கரிமுகனுக்கு ஒரு கல்யாணம் செய்துவைத்திருக்கலாம் என்றாள். இன்னொருவர் நீராவிக்குக் கரி எங்கிருந்து வந்தது என்று குடைந்தார். எல்லாம் பின்னட்டையில் இருக்கிற எட்டு வரியிலிருந்து வந்த கேள்விகள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். ராஜகோபாலன் கடைசியாகத் தொண்டையைச் செருமினார். தவறு செய்த அதிகாரிகளைச் சும்மா விடக்கூடாது என்ற செய்தி நாட்டுக்கு மிக அவசியமானது, முடிவு மிகப் பொருத்தம் என்றார். என்ன கொழுப்பு பாருங்கள். ஜம்பு மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டீ இடைவேளையில் கோப்பு அட்டையை எடுத்துப் பிரித்தேன். நோட் ஷீட்டில் ஜம்புவின் மணி மணியான கையெழுத்து: 'கதை 208ஆம் பக்கத்தில் பாதி வாக்கியத்தோடு நிற்கிறது. கரிமுகன் யார் என்று ஆசிரியர் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.' அதன் கீழே பத்துக் கையெழுத்து. ஒப்புதல். ஒப்புதல். முற்றிலும் ஒப்புதல். தலைவர் மட்டும் தாராளமாக, 'முடிவு மிகப் பொருத்தம்' என்று சேர்த்திருந்தார்.

புத்தகத்தைப் புரட்டினேன். 208க்கு அப்புறம் அட்டை. பைண்டு செய்தவன் பதினாறு பக்கமுள்ள கடைசி ஃபாரத்தையே விட்டுவிட்டான். முப்பது வருடம் நெஞ்சில் வைத்திருந்து எழுதிய பதினாறு பக்கம் ஜம்பு கைக்குப் போகவே இல்லை. அவர் அதை எழுத்தில் கேட்டிருக்கிறார், பத்துப் பேர் அதன் கீழேயே கையெழுத்துப் போட்டுவிட்டு சமோசா தின்கிறார்கள். அந்த அட்டையை எடுத்து ஒவ்வொருவர் தலையிலும் போடலாமா என்று இருந்தது. ஆனால் தொண்ணூற்று மூன்றில் இதே காரியத்தை ஆரம்பித்து வைத்த கை என்னுடையது. அந்தக் கோபத்தை யார் தலையில் போடுவது?

நேராக ஜம்புவிடம் போனேன். பக்கம் விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

"அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "யாரு அந்தக் கரிமுகன்?"

சொன்னேன். கதையைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. பியூன் புக்கை நான் பார்த்தேன் என்றும் சொன்னேன். ஒரு வாரத்திலேயே பார்த்தேன், மூடி வைத்துவிட்டேன், அந்தப் பெண் நான்தான் என்றேன்.

ஜம்பு டீயை ஜன்னல் கட்டையில் வைத்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"புஸ்தகம் எழுத முப்பது வருஷம் ஆச்சு, அச்சா" என்றார். "நோட் எழுத எவ்வளவு நேரம் ஆகும் ரோஹிணி?"

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். வட்டத்தில் ஆசிரியர் பதில் என்று நோட் ஷீட்டில் தனியாக ஒரு பக்கம் விடுவது வழக்கம். அந்தப் பக்கத்தில், ஜன்னல் கட்டையில் வைத்தே, வருடம், கோப்பு எண், நோட்டில் பார்த்த விலாசம் எல்லாம் போட்டு எழுதினேன். கோப்பு ராஜகோபாலன் வீட்டுக்குப் போனது, வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டது அவரே, ஜம்பு குற்றமற்றவர், எனக்குத் தெரிந்தும் மறைத்தேன். பூசி மெழுகாமல் ஏழே வரி. கீழே முழுப்பெயர், தேதி. எழுதி முடித்து, அட்டையைத் திறந்தபடியே பாலசுப்ரமணியத்திடம் கொடுத்தேன். ஒளிக்கவில்லை, மடிக்கவில்லை. படியுங்கள் என்றுகூடச் சொன்னேன்.

"அச்சா, ஆசிரியர் பதிலா? சலோ, ஜல்தி சைன் பண்ணிட்டுப் போகலாம், பஸ் போயிடும்" என்றார் பாலசுப்ரமணியம், ஒப்புதல் என்று எழுதிக்கொண்டே.

கோப்பு கை மாறியது. ராஜம் மாமி சமோசா எண்ணெய் படாமல் இரண்டு விரலால் பேனாவைப் பிடித்துப் போட்டாள். ஒருவர் பக்கத்து ஆளோடு மெட்ரோ கூட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டார். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒருத்தராவது நிமிர்ந்து என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பத்தாவதாக ராஜகோபாலன் கைக்குப் போனது. அவர் பக்கத்தின் அடிக்குப் போய், ஒன்பது ஒப்புதலையும் பார்த்துத் திருப்தியாகி, அழகாக எழுதினார்: 'பார்வையிடப்பட்டது. முழு ஒப்புதல். கோப்பை முடிக்கலாம்.' பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டார்.

கோப்பு ஜம்புவிடம் வந்தது. வழக்கப்படி எழுந்து நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதலில் தன் கருத்தை வாசித்தார், யாரும் கேட்கவில்லை. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. பிறகு பக்கத்தைத் திருப்பி என் பதிலை எடுத்தார். தொண்ணூற்று மூன்று என்ற வருடத்தைச் சொன்னதும் ஒரு நாற்காலி நின்றது. கோப்பின் எண்ணைச் சொன்னதும் ராஜகோபாலனின் தலை திரும்பியது. அவருடைய வீட்டு விலாசத்தை, கதவு எண்ணோடு, ஜம்பு நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

"இது என்ன ஜம்பு, இதை நிறுத்து" என்றார் ராஜகோபாலன். எழுந்துவிட்டார்.

ஜம்பு தாளைத் திருப்பி அவருக்குக் காட்டினார். அடியில் அவருடைய கையெழுத்து இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"நீங்க பார்த்து ஒப்புதல் போட்டாச்சு சார். உட்காருங்கோ, இன்னும் நாலு வரி இருக்கு."

ராஜகோபாலன் உட்கார்ந்தார். அடுத்த வரியில் என் பெயர் வந்தது. தெரிந்தும் மறைத்தேன் என்ற இடத்தை ஜம்பு இரண்டு தரம் வாசித்தார், என்னைப் பார்த்தபடியே.