எட்டாம் நாள் ஆறு எந்தப் பக்கம்

காற்புள்ளி அக்காவுக்குப் பயண நூல் என்றாலே ஆகாது. பதிப்பகத்தில் இருபத்தைந்து வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு காற்புள்ளி அச்சேறியதில்லை, பட்டப்பெயர் அதனால் வந்தது. மலை ஏறினவர், பாலைவனம் கடந்தவர் என்று யார் எழுதினாலும் கடைசி அத்தியாயத்தில் தவறாமல் தன்னைத் தானே கண்டுபிடித்துவிடுவார். "தொலைஞ்சது வீட்ல, தேடுறது மட்டும் ஊரெல்லாமா?" என்று சிவப்புப் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே முணுமுணுப்பாள். அவள் பயணமெல்லாம் வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு, அவ்வளவுதான்.

இந்தத் தடவை வந்தது ஓய்வுபெற்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரின் முதல் புத்தகம். காலமெல்லாம் சைரன் போட்டுப் பறந்த மனிதர், ஆறு பிறக்கும் இடத்திலிருந்து கடல் வரை கரையோடு நாற்பது நாள் நடந்திருக்கிறார். பின்னட்டையில் கொட்டை எழுத்தில் 'நாற்பது நாள். ஓர் அடிகூடத் திரும்பாமல்.' பதிப்பாளருக்கு அந்த வரிமேல் கொள்ளை ஆசை.

வில்லங்கம் எட்டாம் நாளில் வந்தது. ஏழாம் நாள் வரைக்கும் ஆறு அவருக்கு வலப்பக்கம் ஓடுகிறது. எட்டாம் நாள் இடப்பக்கம். ஒன்பதாம் நாள் மறுபடியும் வலப்பக்கம். நடுவில் பாலமும் இல்லை, படகும் இல்லை. ஆறு என்ன தாவியா குதித்தது? எழுதியவரைக் கேட்கலாம் என்றால் மனிதர் போனை எடுக்கவே இல்லை.

"வலப்பக்கம்னு மாத்திட்டுப் போங்கக்கா. நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும்" என்றார் பதிப்பாளர்.

மாற்றினாள். கை மாற்றியது, மனசு ஒப்பவில்லை. அவசரத்தில் சந்துபொந்தெல்லாம் வண்டி ஓட்டிய ஆளுக்கா இடம் வலம் தெரியாது? அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தாள்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து அவர் வீட்டுக்கு ஆற்றங்கரையோடு அரை மணி நேர நடை. வலப்பக்கம் ஆறு, தலைக்கு மேல் வெயில். பாதி தூரத்தில் முழங்கால் சண்டைக்கு வந்தது. ஒரு வார்த்தைக்காக இப்படி நாயாய் அலைகிறேனே, எனக்கென்ன தலையெழுத்தா என்று தன்னையே திட்டிக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள். இருபது அடி போயிருப்பாள். சட்டென்று நின்றாள்.

ஆறு இடப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"அட மனுஷா!" என்றாள் வாய்விட்டு. எட்டாம் நாள் அவர் திரும்பி நடந்திருக்கிறார். வீட்டைப் பார்த்து. அதைச் சொல்லாமலே புத்தகத்தை எழுதிவிட்டார், ஆற்றின் பக்கத்தை மட்டும் மறைக்கத் தெரியவில்லை. விடை கிடைத்துவிட்டது, இனி அவள் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை. முழங்காலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவர் வீட்டுப் பக்கமே நடந்தாள்.

ஓட்டுநர் கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அலமாரியில் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. அவள் யாரென்று சொல்லி, தாளை நீட்டி, அந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"எட்டாம் நாள் திரும்பி நடந்தீங்களா?"

துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேங்க" என்றார். "ஏழு நாள் தனியா நடந்தேன். பேச்சுத்துணைக்கு நான் ஒருத்தன்தான். அந்த ஆளை எனக்கு அவ்வளவா பிடிக்கல. வண்டியில இருந்தவரைக்கும் சைரன் சத்தத்துல அவன் குரல் கேட்டதில்ல. கேட்டதும் பயந்துட்டேன். வீட்டுக்கே போயிடலாம்னு காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் திரும்பி நடந்தேன்."

"அப்புறம்?"

"சைக்கிள்ல ஒருத்தர் வந்தார். எங்க போறீங்கன்னு கேட்டார். வாய் தவறி கடலுக்குன்னுட்டேன். கடல் அந்தப் பக்கம்ல இருக்குன்னு சிரிச்சார். மானம் போச்சேன்னு திரும்பிட்டேன்."

அவள் பக்கென்று சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், ஆனால் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வலப்பக்கம்னே போட்டுடுங்கம்மா. ஊரெல்லாம் என்னைப் பெரிய ஆளுன்னு சொல்லுது. ஒரு வார்த்தைதானே?"

ஒரு வார்த்தைதான். போட்டால் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள். பிறகு யாரிடமும் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னாள்.

"எனக்கு இருபத்தஞ்சு வயசுல வெளியூர்ல ஒரு பத்திரிகையில வேலை கிடைச்சுதுங்க. பஸ் ஏறிப் பாதி வழி போனேன். பயந்து இறங்கி, எதிர் பஸ்ல ஏறி வந்துட்டேன். வீட்ல, அவங்க என்னை வேணாம்னுட்டாங்கன்னு சொன்னேன். எங்க அண்ணன் அதை நம்பி, என் தங்கச்சியை வேணாம்னவன் பேப்பர் என் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னார். இருபத்தாறு வருஷமாச்சு, இன்னைக்கும் அதைத் தொடுறதில்ல. நான் பார்த்துட்டுதான் இருக்கேன்."

ஓட்டுநர் அவளையே பார்த்தார். "எழுதிக்கோங்க" என்றார் மெதுவாக.

அவர் சொல்லச் சொல்ல எழுதினாள்: 'எட்டாம் நாள் எனக்கு என்னைக் கண்டே பயம் வந்தது. வீட்டை நோக்கித் திரும்பி நடந்தேன்.'

"தப்பு ஏதாவது இருக்கா?" என்று கேட்டார் அவர்.

"இல்லைங்க. ஒண்ணுமே இல்ல."

அங்கிருந்தே பதிப்பாளரைக் கூப்பிட்டுப் பின்னட்டை வரியை எடுக்கச் சொன்னாள். அவர் தாம்தூம் என்று குதித்தார். போனை ஓட்டுநரிடம் கொடுத்தாள். "அந்தம்மா சொல்றபடியே செய்யுங்க. என்கூட எட்டாம் நாள் நடந்தது அவங்க ஒருத்தங்கதான்" என்றார் அவர். வாசல்வரை வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நான்தான் உங்களைக் கும்பிட வேண்டும் என்று சொல்ல நினைத்தாள், ஆனால் தலையை மட்டும் ஆட்டினாள்.

கரையில் கொஞ்ச தூரம் வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள். நின்றால் தைரியம் போய்விடும் என்று நடந்துகொண்டே சொன்னாள். "அண்ணா, அந்தப் பத்திரிகைக்காரங்க என்னை வேணாம்னு சொல்லல. நான்தான் பாதி வழியில திரும்பி வந்துட்டேன்."

அந்தப் பக்கம் அண்ணன் வெடித்தார்.

"அடிப்பாவி! இத்தனை வருஷமா அந்தப் பேப்பர்ல ஒரு செருப்பைக்கூடச் சுத்தி வாங்கினதில்லையேடி நான்!"

"மன்னிச்சுக்கோண்ணா."

"மன்னிப்பு கிடக்கட்டும். ஏன் பாப்பா திரும்பி வந்த?"

"பயமா இருந்துச்சு."

"இதை என்கிட்ட சொல்லக் கூடாதா? பக்கத்து சீட்ல உட்கார்ந்து நானே கொண்டுபோய் விட்டிருப்பேனே!"

அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விட்டிருப்பார். சத்தியமாக விட்டிருப்பார். போய்ச் சேர்ந்ததும் வேலை முடியும்வரை வாசலிலேயே காத்துக்கொண்டும் நின்றிருப்பார். இப்படி ஒரு மனிதரை வைத்துக்கொண்டா இத்தனை வருடம் தனியாகப் பயந்தோம் என்று அழுகை அழுகையாக வந்தது.

"ரொம்ப நன்றி அண்ணா" என்றாள்.

"என்னடி, மூணாம் மனுஷன்கிட்ட பேசுற மாதிரி பேசுற?" என்று அதட்டினார் அண்ணன். அவர் குரலும் சரியாக இல்லை.